நாலாவது பேக்கிங்

சிவப்பிரகாச மேஸ்திரி அந்த வார்த்தையைச் சொன்னது செவ்வாய்க்கிழமை காலையில். உப்பைக் குவிக்கிற மேட்டில், நாற்பது பேருக்கு நடுவில், பிடித்த குடையைக்கூட மடக்காமல் சொன்னார்.

"ஆயில் திருடற பயலுக்கு இஞ்சின் கொட்டாயி ஒரு கேடா?"

சிங்காரம் கையில் ஸ்பேனரோடு நின்று அதைக் கேட்டான். கேட்டுவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு கொட்டகைக்குத் திரும்பி நடந்தான். பாத்திக்குள் உப்பு வாரும் பலகையோடு நின்ற அவன் பெண்டாட்டி சாலம்மாளுக்கு உடம்பு பற்றி எரிந்தது. மேஸ்திரி வாயில் நல்லது வராது என்பது மரக்காணத்து உப்பளம் முழுக்கத் தெரிந்த சங்கதி. அதற்கு இவன் ஏன் குனியவேண்டும்? அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

எழுபத்து நாலாம் வருஷத்துச் சித்திரை அது. டீசலும் ஆயிலும் விலை ஏறி, கடைக்காரன் ஏதோ தானம் செய்கிற முகத்தோடு ஊற்றிக்கொடுத்த காலம். உப்பங்கழியிலிருந்து உப்புத்தண்ணீரை இறைக்க அந்த அளத்தில் ஒரே ஒரு டீசல் இஞ்சின். அது ஓடினால்தான் வாய்க்காலில் தண்ணீர். வாய்க்காலிலிருந்து மேல் பாத்திக்குப் போய், அங்கே வெயிலில் சுண்டி, கீழே உப்புப் பாத்திக்கு இறங்கும். எட்டு வருஷமாக இஞ்சினை ஓட்டுகிறவன் சிங்காரம். கொட்டகையை ஒட்டி ஓலையால் மறைத்த ஒற்றை அறைதான் அவர்கள் வீடு. இஞ்சின் வேலை போனால் வீடும் போகும்.

பங்குனி பிறந்ததிலிருந்து அந்த இஞ்சின் ஆயிலாக ஒழுகிக்கொண்டிருந்தது. கூனிமேட்டு மெக்கானிக் மஸ்தான் பாய் மூன்று தரம் வந்து, ஆயில் கசியாமல் இடுக்கில் வைக்கிற பேக்கிங்கை மாற்றிவிட்டுப் போனார். சுழல்கிற தண்டு வெளியே வருகிற இடத்து ரப்பர் சீல் வளையத்தையும் இரண்டு தரம் மாற்றினார். மாற்றினால் பத்து நாளைக்கு ஒழுங்காக இருக்கும். பதினோராம் நாள் மறுபடியும் இஞ்சினுக்கு வேர்த்துவிடும். ஒழுகின ஆயில் வாய்க்காலில் இறங்கி, தண்ணீர்மேல் ஏடு கட்டி, பாத்தி பாத்தியாகப் பரவும். அந்தப் பாத்தியில் விளைகிற உப்பில் கறுப்புப் படியும். கறுப்பு பட்ட உப்பைச் சாப்பாட்டுக்கு எடுக்கிற லாரிக்காரன் கையால் தொடமாட்டான். தோல் ஊறப்போடுகிறவர்களுக்குத்தான் அது போகும்.

மேஸ்திரி ஒரு கணக்கு வைத்திருந்தார். புதுப் பேக்கிங் போட்ட இஞ்சின் ஒழுகாது. ஒழுகுகிறது என்றால் சிங்காரமே போல்ட்டைத் தளர்த்தி விடுகிறான். ஒரு டம்ளர் ஆயிலைக் கண்ணெதிரே ஒழுகவிட்டு, அதைக் காட்டி, மிச்சத்தை டின்னோடு கொண்டுபோய் விற்கிறான். எவ்வளவு அழகான கணக்கு! மனுஷன் மேஸ்திரியாக இல்லாமல் போலீசில் இருந்திருக்கவேண்டியவர்.

"சனிக்கிழம பாய் கடைசியா ஒரு தரம் வந்து பாக்கட்டும். அதுக்கும் மேல ஒழுவுச்சின்னா, திங்கக்கிழம பிரம்மதேசத்துலேருந்து வேற ஆளு வர்றான். கொட்டாயக் காலி பண்ணிடணும்." இது மேஸ்திரியின் தீர்ப்பு.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலே சாலம்மாள் பாத்தியில் இறங்கிவிட்டாள். வைக்கோலைப் புரியாகத் திரித்து, ஒரு முனையை அவளும் மறு முனையைக் கூட வேலை செய்கிற பாஞ்சாலையும் பிடித்துக்கொண்டு, தண்ணீரின் மேலாக மெதுவாக இழுத்தார்கள். ஆயில் ஏடு வைக்கோலில் ஒட்டிக்கொள்ளும். ஒரு பாத்தியை இழுத்து முடிப்பதற்குள் முதுகு கழன்றுவிடும். வெடித்த குதிகாலில் உப்புத்தண்ணீர் ஏறி, கால் எரிகிறதா வயிறு எரிகிறதா என்று தெரியாத எரிச்சல்.

"பாய் வந்துடுவாராக்கா இன்னிக்கி?" என்றாள் பாஞ்சாலை.

"வருவாரு வருவாரு. மூணு தரம் வந்து கிழிச்சாரில்ல, நாலாந்தரம் வந்து தைக்கப்போறாரு."

"அவர ஏங்க்கா திட்டற?"

"வேற யார திட்டச் சொல்ற? மேஸ்திரிய திட்டுனா வேல போவும். இஞ்சின திட்டுனா அதுக்குக் காது கெடயாது. எங்கூட்டு ஆளு இருக்குதே, அதுக்கு ரெண்டு காது இருந்தும் பிரயோஜனம் இல்ல."

"அண்ணன் உங்கிட்ட இன்னும் பேசல?"

சாலம்மாள் புரியை வெடுக்கென்று இழுத்தாள். பாஞ்சாலை தடுமாறி முழங்காலில் விழுந்தாள்.

பேசவில்லைதான். நாலு நாளாயிற்று. அதற்குக் காரணமும் சாலம்மாளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை பொழுது சாய்கிற நேரம், அவன் கைகால் கழுவிக்கொண்டிருக்கும்போது, இவள் பின்னாலேயே போய் நின்றாள். பகல் முழுக்க அடக்கின கோபம். அந்த மேஸ்திரியைக் கேட்கவேண்டியதை இவனிடம் கேட்டுவிட்டாள்.

"உண்மைய சொல்லுய்யா. வித்தியா?"

சிங்காரம் செம்பைக் கீழே வைத்தான். அவளை ஒரு பார்வை பார்த்தான். பதினாலு வருஷத்தில் அவன் அப்படிப் பார்த்து அவள் கண்டதில்லை. அதோடு சரி. வாயைத் திறக்கவில்லை. இவள் வடித்த சோற்றைத் தொடாமல் ரோட்டோரத்து டீக்கடையில் பன்னைத் தின்றுகொண்டு நாலு நாளை ஓட்டிவிட்டான். அவள் கோபம் இதில் இரட்டிப்பானது. கேட்டால் இல்லையென்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே? வாயில் என்ன கொழுக்கட்டையா? கேட்டது தப்பு என்று உள்ளே ஒரு மூலையில் அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. தெரிந்ததனால் கோபம் இன்னும் ஏறியது.

வெயில் ஏறி ஒன்பது மணி வாக்கில் மஸ்தான் பாய் சைக்கிளை உருட்டிக்கொண்டு வரப்பில் வந்தார். கேரியரில் சாமான் பை. வெள்ளைக் குல்லாவைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். அளத்துக் காற்றில் வெள்ளைத் துணி ஒரு மணி நேரம் தாங்காது என்பது அவர் அனுபவம்.

சாலம்மாள் பாத்தியிலிருந்து ஏறி நேரே அவரிடம் போனாள்.

"வாங்க பாய். இந்தத் தரம் பேக்கிங்கு எதுல வெட்டப்போறீங்க? சிகரெட்டு அட்டையிலயா, கல்யாணப் பத்திரிகையிலயா?"

"தங்கச்சி, காலங்காத்தால…"

"உங்க வேல சரியில்லாததுக்கு இந்த ஆளு திருடன்னு பேரு வாங்கியிருக்குது. உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. "தெரியும்மா. டீக்கடையிலயே சொன்னாங்க. அல்லா மேல ஆணையா சொல்றேன், நான் போட்டது அசல் பேக்கிங் ஷீட்டு. பாண்டிச்சேரியில வாங்குனது. கூனிமேட்டுலேருந்து புத்துப்பட்டு வரைக்கும் எத்தினி இஞ்சினு என் கையில ஓடுது, போயி கேளு. எதுவும் ஒழுவல. இது ஒண்ணுதான் என் மானத்த வாங்குது."

சிங்காரம் இஞ்சினை நிறுத்தி, அடியில் தட்டை வைத்து ஆயிலை வடித்துக்கொண்டிருந்தான். ஆயில் வடிந்ததும் பாய் இஞ்சினின் விலாவில் இருந்த இரும்புக் கதவின் போல்ட்டுகளைக் கழற்றினார். கதவு வந்தது. அதில் ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைப் பிளேடால் சுரண்டப் போனவர், கையை நிறுத்திவிட்டுக் கதவை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து உற்றுப் பார்த்தார்.

"இங்க பாரு சிங்காரம். பேக்கிங்கு இத்துப்போவல, எரியல. ஷீட்டு நல்லாத்தான் இருக்குது. ஆனா வெளிப்பக்கமா பிதுங்கியிருக்குது பாரு. உள்ளேருந்து யாரோ தள்ளுன மாதிரி."

சிங்காரம் குனிந்து பார்த்து, ஆமாம் என்று தலையை ஆட்டினான். பேசினால் என்ன குறைந்தா போய்விடும் என்று சாலம்மாள் தூணில் சாய்ந்துகொண்டு பல்லைக் கடித்தாள். பாத்தியில் வேலை கிடந்தது. அவளுக்குப் போக மனமில்லை.

பாய் புது ஷீட்டைக் கதவின்மேல் விரித்து, ஓரத்தைச் சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே வந்தார். தட்டத் தட்ட விளிம்பு பதிந்து, வேண்டாத பாகம் தானாக அறுந்து விழுந்தது. போல்ட் துளைகளையும் அப்படியே தட்டி எடுத்தார். இரண்டு பக்கமும் ஷெல்லாக் பசை தடவிக் காயவைத்தார். அந்த நேரத்தில் தண்டுப் பக்கத்துச் சீல் வளையத்தை நெம்பி எடுத்தார். அதன் ரப்பர் உதடும் வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது. பாய் அதை விரலில் மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு புதுச் சீல் வளையத்தை வைத்து, மேலே மரக்கட்டையைக் கொடுத்து, கோணாமல் நாலு பக்கமும் ஒரே சீராகத் தட்டி இறக்கினார். கதவை மாட்டி, போல்ட்டுகளை எதிரெதிராக, ஒன்று மாற்றி ஒன்றாக முறுக்கினார். கையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திட்டுவதற்கென்றே நின்ற சாலம்மாளுக்கே அது தெரிந்தது.

ஆயிலை ஊற்றிச் சிங்காரம் ஹேண்டிலைச் சுற்றினான். இஞ்சின் இரண்டு தரம் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கால் மணி நேரம் ஓடியது. ஒரு சொட்டு இல்லை.

"மூணு தரமும் இப்பிடித்தான் ஓடுச்சு. பத்து நாளு கழிச்சித்தானே பல்ல இளிக்கிது," என்றாள் சாலம்மாள்.

பாய் ஓடுகிற இஞ்சினில் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகினார். பாதி திருகுவதற்குள் புஸ்ஸென்று காற்று பீறிட்டு அவர் முகமெல்லாம் ஆயில் தெறித்தது. அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"அடப்பாவி! இதுக்கு மூச்சு விட வழியில்லப்பா. உள்ள அடைச்சுக் கெடக்குற காத்துதான் பேக்கிங்கத் தள்ளுது. சிங்காரம், பிரீதர் எங்க?"

பிரீதர் இஞ்சினுக்குப் பின்னால், ஓலைத் தட்டியை ஒட்டி இருந்தது. கட்டை விரல் பருமனில் ஒரு குழாய். அதன்மேல் ஒரு பால் டப்பா கவிழ்த்து வைத்திருந்தது. உப்பளத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு டப்பா உண்டு. பூட்டுக்கு டப்பா, சைக்கிள் மணிக்கு டப்பா, சாவிக்கு டப்பா. கவிழ்க்காமல் விட்டது எதுவாக இருந்தாலும் உப்பங்காற்று ஒரு மழைக்காலத்துக்குள் தின்றுவிடும். அதனால் அந்த டப்பாவைப் பார்த்தவர்கள் எவரும் அதைப் பார்த்ததாகவே நினைக்கவில்லை. மூன்று தரம் வந்த பாயும் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை.

சாலம்மாள் தூணை விட்டு நிமிர்ந்தாள். "அது…" என்று வாயெடுத்தாள். அதற்குள் பாய் டப்பாவை எடுத்துவிட்டார். குழாய் வாயில் கெட்டியாகத் தார் பூசியிருந்தது. குறடால் தாரைப் பெயர்த்து, உள்ளே கிடந்ததைப் பிடித்து இழுத்தார். ஆயில் ஊறின துணி சாண் நீளத்துக்கு வந்தது. அரக்குச் சேலை, கடுகு நிறக் கரை. இஞ்சின் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டது.

மாசிக் கடைசியில், அந்தப் பருவத்து முதல் உப்பு வாரின அன்றைக்கு, மேஸ்திரி ஒரு பிடி உப்பை அவள் மூக்குக்கு நேரே நீட்டி, "இது உப்பா, எள்ளுருண்டையா?" என்று கேட்டார். உப்பெல்லாம் புள்ளி புள்ளியாகக் கறுப்பு. எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பார்த்தபோது, இந்தக் குழாய்தான் புகையோடு ஆயிலைத் துப்பிக்கொண்டிருந்தது. காற்று அதை வாரிக்கொண்டுபோய் முதல் பாத்தியில் போட்டது. வெள்ளை உப்பில் கறுப்பைப் பார்க்கச் சகிக்காத பிறவி சாலம்மாள். எதற்கும் உதவாமல் அசிங்கம் பண்ணுகிற ஓட்டை என்று நினைத்து, பழைய சேலையைக் கிழித்து அடைத்து, படகுக்குப் பூசுகிற தாரை வாங்கிப் பூசி, மேலே டப்பாவையும் கவிழ்த்தாள். புள்ளி நின்றது. தன் கெட்டிக்காரத்தனத்தை அன்றைக்குத் தானே மெச்சிக்கொண்டாள். அதோடு மறந்தும் போனாள்.

பாய் துணியைக் குறடில் தூக்கிப் பிடித்தார். "யாரு பார்த்த வேல இது?"

சிங்காரம் துணியைப் பார்த்தான். கரையைப் பார்த்தான். நாலு நாள் கழித்து வாயைத் திறந்தான்.

"நான்தான் பாய். புள்ளி விழுவுதுன்னு அடைச்சேன்."

பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "எட்டு வருஷம் இஞ்சின் ஓட்டுனவன் பிரீதர அடைப்பானாடா? பச்சப் புள்ளகூட…"

"அவரு அடைக்கல," என்று கத்தினாள் சாலம்மாள். "அது என் சேல. நான்தான் அடைச்சேன். யோவ், என் தப்பக்கூட நீயே எடுத்துக்குவியா? திருடன்னு சொன்னாலும் தலைய ஆட்டுவ, மடையன்னு சொன்னாலும் தலைய ஆட்டுவ. உனக்கு சுரணையே கெடயாதா?"

பாய் மெல்லக் குறடைக் கீழே வைத்தார். "எம்மேலயும் தப்பு இருக்குதும்மா. வந்த மொதல் நாளே டப்பாவத் தூக்கிப் பார்த்திருக்கணும். நான் பார்க்கல."

அவள் அதைக் கேட்கிற நிலையில் இல்லை. மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்து, இஞ்சின் மேடைக்குப் பக்கத்தில், தண்டுப் பக்கமாகக் கொத்தினாள். மேலே நாலு விரற்கடைக்கு உப்பும் மணலும். அதற்குக் கீழே கறுப்பு. கொத்தக் கொத்தக் கறுப்பு. முழங்கை ஆழம் தோண்டியும் ஆயில் ஊறின மணலே வந்தது. காணாமல் போன ஆயில் எவனிடமும் விலைபோகவில்லை, எங்கேயும் போகவில்லை. இஞ்சினுக்குக் காலடியில்தான் கிடந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் கோபம் வீணாகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள். கறுப்பு மணலைக் கூடையில் அள்ளி, துணியை மேலே போட்டு, தலையில் வைத்துக்கொண்டு மேட்டுக்கு நடந்தாள்.

மேஸ்திரி குடைக்குக் கீழே நின்று லாரிக்கு உப்பு அளக்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாலம்மாள் கூடையை அவர் செருப்புக்கு முன்னால் கவிழ்த்தாள். வெள்ளை உப்புக்குப் பக்கத்தில் கறுப்பு மணல் கிடந்தது.

"என்னாடி இது?"

"நீங்க தேடுன ஆயிலுங்க. மண்ணுக்குள்ள இருந்துச்சு. இன்னும் பத்து கூடை இருக்குது, வேணும்னா வந்து பாருங்க. இஞ்சினோட மூச்சுக் கொழாய அடைச்சது நான். இது என் சேலத்துணி. அதனாலதான் ஒழுவுச்சு. பாய் இருக்காரு, கேட்டுக்கங்க."

மேஸ்திரி மணலைக் குடை நுனியால் கிளறினார். பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். கூடை சுமந்தவர்கள் நின்றார்கள்.

"நீ பண்ண கூத்துக்கு எத்தினி பாத்தி பாழாச்சு தெரியுமா?"

"தெரியும். என்னய என்னா வேணும்னாலும் கேளுங்க, வாங்கிக்கறேன். ஆனா அவர திருடன்னு சொன்னீங்களே, அத இதே எடத்துல இல்லன்னு சொல்லிட்டுப் போங்க."

"சரி சரி. இஞ்சின் ஓடுதில்ல? போயி வேலயப் பாரு. ஒண்ணுமில்லாதத ஊதிப் பெருசு பண்ணாத."

"ஒண்ணுமில்லாததா?"

"ஆம்பள கம்முனு இருக்கான், பொம்பளைக்கி என்னா வாய்? இதெல்லாம் அவன் வந்து கேக்கட்டும்."

அப்போது இஞ்சின் நின்றது.

அதுவரை காதில் விழுந்துகொண்டிருந்த சத்தம் திடீரென்று இல்லாமல் போனதில், லாரிக்காரன்கூடத் திரும்பிப் பார்த்தான். கொட்டகை வாசலில் சிங்காரம் ஹேண்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். மெதுவாக நடந்து வந்து, சாலம்மாளுக்கு ரெண்டு அடி தள்ளி நின்றான்.

"டேய், உச்சி வெயில்ரா. இப்ப தண்ணி வுடலன்னா மேப்பாத்தி காஞ்சி வெடிச்சிடும்!"

"வெடிக்கும்," என்றான் சிங்காரம்.

"இஞ்சின எடு."

"நீங்க சொல்லுங்க. எடுக்கறேன்."

மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். பாஞ்சாலை தன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். மேல் பாத்தியின் ஓரங்களில் தண்ணீர் உள்வாங்கி, சேறு வெளுத்துக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை வரப்போகிற ஆள் திங்கட்கிழமைதான் வருவான். மேஸ்திரி குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"சரிப்பா… நான்தான் தப்பா நெனச்சிட்டேன்," என்று குடைக்கம்பியிடம் சொன்னார்.

"செவ்வாக்கெழம இந்தக் கொரல்லயா சொன்னீங்க?" என்றாள் சாலம்மாள்.

மேஸ்திரியின் கழுத்து நரம்பு புடைத்தது. "சிங்காரம் ஆயில் திருடல! போதுமா? எல்லாம் கேட்டுக்கிட்டீங்களா? போயி வேலயப் பாருங்கடா!" என்று கத்திவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்விட்டார். நாளைக்கு இதற்கு வேறு எங்கேயாவது பழி வாங்குவார். அது நாளைக்கு.

சிங்காரம் கொட்டகைக்கு நடந்தான். சாலம்மாள் பின்னாலேயே போனாள். அவளுக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இனிமேல் பேசிவிடுவான், பேசாமல் எங்கே போவான் என்ற தெம்பு. பாய் சாமான்களைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாத்தியா? சொல்ல வெச்சேனா இல்லியா?" என்றாள்.

சிங்காரம் ஹேண்டிலை இஞ்சினில் மாட்டினான். மாட்டிவிட்டு, சுற்றாமல், அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"அவரு சொல்லிட்டாரு. நீ?"

"நானா?"

"அவரு யாரோ. நாப்பது பேரு முன்னாடி சொன்னாரு, தொடச்சிப் போட்டேன். நீ எதுக்குடி கேட்ட?"

பாய் பையைக் கட்டுகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டார். அளத்தையே வாயால் ஆட்டிவைக்கிற சாலம்மாள் தரையைப் பார்த்தாள், தோண்டிப் போட்டிருந்த கறுப்புக் குழியைப் பார்த்தாள். கடைசியில், "தப்புதான்," என்று தொண்டைக்குள்ளேயே சொன்னாள்.

சிங்காரம் அந்த நேரம் பார்த்து ஹேண்டிலைச் சுற்றினான். இஞ்சின் தடதடவென்று பிடித்துக்கொண்டது. அவன் காதருகே கையைக் குவித்தான்.

"என்னா சொன்ன? காதுல வுழல!"

வேண்டுமென்றே செய்கிறான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. மண்வெட்டியால் மண்டையில் போடலாமா என்றிருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வர, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"உன்னப் போயி திருடுனியான்னு கேட்டேன் பாரு, என் புத்திய செருப்பால அடிக்கணும்னு சொன்னேன்யா! கேட்டுச்சா?"

மேட்டில் நின்ற நாற்பது பேருக்கும் கேட்டது. சிங்காரம் தலையை ஆட்டிவிட்டு, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கப் போனான்.